சோழமண்டலம் ஓவியர் கிராமம்: படம் வாங்கப் போகிறவர்களுக்கு

பார்க்கப் போகிறவர்களுக்குத் தயங்காமல் சொல்லலாம்: போய் வாருங்கள். வாங்கப் போகிறவர்களுக்குச் சில நிபந்தனைகளோடுதான் பரிந்துரைக்க முடியும். அந்த நிபந்தனைகளைப் பற்றியதுதான் இந்த மதிப்புரையின் பெரும்பகுதி.

இடம் ஈஞ்சம்பாக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி. திருவான்மியூரிலிருந்து கோவளம், மாமல்லபுரம் பக்கம் போகும் பேருந்தில் ஏறினால் போதும். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை ஓவியர்களும் சிற்பிகளும் சுமார் 10 ஏக்கர் மணல்வெளியில் அமைத்த குடியிருப்பு இது. அப்போது பணிக்கர் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் முதல்வர். வந்தவர்களில் பலர் அவருடைய மாணவர்கள். கல்லூரியை முடித்து வெளியே வந்தவர்களுக்கு அன்று இருந்த வழிகள் மூன்று: பள்ளி ஓவிய ஆசிரியர் வேலை, விளம்பர நிறுவனம், நெசவாளர் சேவை மையம் போன்ற அரசு வடிவமைப்பு வேலை. ஓவியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது நடக்காத காரியம். மெட்ராஸில் படம் வாங்கும் கூட்டம் பம்பாயோடு ஒப்பிட்டால் சுண்டுவிரல் அளவு.

இதற்குப் பணிக்கர் கண்ட தீர்வு பாத்திக், அதாவது மெழுகிட்டுச் சாயம் ஏற்றும் துணி வேலை. 1963இல் கைவினைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பாத்திக் துணி, தோல் வேலை, சுடுமண், உலோக வேலை எல்லாம் செய்து விற்றார்கள். நிலம் வாங்கிய பணம் அதிலிருந்து வந்தது. நாளின் ஒரு பங்கு கைவினைக்கு, மீதி ஓவியத்துக்கு. சேலையும் சுவர்த் துணியும் அடுப்பெரிய வைத்ததால், படத்தை வாங்குபவனின் ருசிக்காக மாற்றி வரைய வேண்டிய நெருக்கடி குறைந்தது. நாட்டின் ஓவியரை நாடு ஆதரிக்கும் வரை காத்திராமல், ஓவியரே ஓவியருக்குப் புரவலரான ஏற்பாடு. இந்தியாவில் இதே அளவில் இத்தனை காலம் தாக்குப்பிடித்த வேறொரு முயற்சியைக் காட்டுவது கடினம்.

பாத்திக்கை இன்றும் நினைவுப்பொருளாகத் தேடுகிறவர்கள் உண்டு. வாங்கும்போது துணியைப் புரட்டிப் பாருங்கள். உருக்கிய மெழுகைத் தூரிகையாலோ குழல் வைத்த கருவியாலோ துணியில் இட்டு, மெழுகு படாத இடத்தில் சாயம் ஏற்றி, வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறம் வரை மெழுகிடுதலும் சாயமிடுதலும் மாறி மாறி நடந்து, கடைசியில் வெந்நீரில் மெழுகை நீக்கினால்தான் அது பாத்திக். சாயத் தொட்டி சூடாக இருந்தால் மெழுகு இளகிவிடும் என்பதால் குளிர்நீர்ச் சாயம்தான் பயன்படும். எனவே நிறம் இருபுறமும் ஏறக்குறைய ஒரே அளவு ஊறியிருக்க வேண்டும். பின்பக்கம் வெளுத்திருந்தால் அது அச்சுத் துணி. நரம்பு நரம்பாக ஓடும் கீறல் கோடுகள் பாரஃபின் மெழுகு நொறுங்குவதால் வருபவை. தேன்மெழுகு கூடினால் கீறல் குறையும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் கீறல் அச்சில் வந்தது. பாத்திக்கை வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. சாயத்தின் ஆயுள் அங்கே வேகமாகக் குறையும்.

வளாகத்தில் முதலில் போக வேண்டிய இடம் 2009இல் திறந்த சமகாலக் கலை மையம். அதில் மெட்ராஸ் கலை இயக்கத்துக்கென்று (பணிக்கர் தலைமுறைச் சென்னை ஓவியர்களின் இயக்கம்) தனி அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியே சிற்பத் தோட்டம். பணிக்கர், ஜே. சுல்தான் அலி, கே. ராமானுஜம், எஸ்.ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, எஸ். நந்தகோபால் என்ற பெயர்களைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவர்கள் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை அச்சில் பார்த்தால் ஏதோ ஜாதகக் கட்டத்தைப் பெரிதாக்கியது போலத் தெரியும். நேரில் பார்த்தால்தான் எழுத்தும் எண்ணும் வாசிக்க முடியாதபடி வேண்டுமென்றே குலைக்கப்பட்டிருப்பதும், படத்தை நிறுத்தி வைப்பது கோட்டின் தாளம் என்பதும் புரியும். ராமானுஜத்தின் மைக்கோட்டோவியங்களுக்குக் கிட்டே போய் நிற்க வேண்டும். இரண்டடி தள்ளி நின்றால் பாதி போய்விடும். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களைச் சுற்றி வரத் தேவையில்லை. நம் கோயில் கவசங்களைப் போல முன்பக்கத்துக்காகவே செய்தவை அவை.

ஓவியம் வாங்கப் போகும் யாருக்கும் இந்த அருங்காட்சியகம்தான் அளவுகோல். இதைப் பார்த்துவிட்டு வந்தால், பக்கத்துக் கூடத்தில் தொங்கும் படம் யாருடைய நகல் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பக்கத்துக் கூடம் என்றதும் ஒரு விஷயம். வளாகத்தின் தற்காலிகக் காட்சிக்கூடங்கள் வாடகைக்கு விடப்படுபவை. அங்கே தொங்குவதாலேயே ஒரு படம் 'சோழமண்டலம் ஓவியம்' ஆகிவிடாது. வாடகைக் கூடம் எந்த ஊரில் இருந்தாலும் தரம் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வாரம் கவின்கலைக் கல்லூரியின் நல்ல மாணவர் குழு, அடுத்த வாரம் பொழுதுபோக்காக வரைபவரின் பூச்சாடிகள். குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. ஆனால் விலைச்சீட்டைப் படிக்கும்போது இடத்தின் பெயருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள். கிராமத்து உறுப்பினரின் படைப்பு வேண்டுமென்றால் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். தொடக்கக் காலத்தவர் பலர் இன்று இல்லை. ராமானுஜம் 1973இலும் பணிக்கர் 1977இலும் நந்தகோபால் 2017இலும் காலமானார்கள். அவர்கள் பெயரில் 'மலிவாக ஒன்று இருக்கிறது' என்று யாராவது வெளியே அணுகினால் பேச்சை வளர்க்க வேண்டாம்.

விலை. பெரும்பாலான இந்திய ஓவியர்கள் சதுர அங்குலக் கணக்கில்தான் விலை போடுகிறார்கள். சதுர அங்குலம் 40 ரூபாய் என்றால் 24க்கு 36 அங்குலப் படம் 864 சதுர அங்குலம், 34,560 ரூபாய். துணிக்கடைக் கணக்கு போலத் தோன்றும். ஆனாலும் வாங்குபவருக்கு இது வசதிதான். ஒரே ஓவியரின் இரண்டு படங்களுக்கு இந்த வீதம் பெரிதாக வேறுபட்டால் காரணம் கேட்கலாம். சிறிய படங்களுக்கு வீதம் சற்றுக் கூடும், மிகப் பெரியவற்றுக்குக் குறையும். காகிதத்தில் வரைந்தது கேன்வாஸைவிடக் குறைவு. தனியார் கேலரி வழியாக வாங்கினால் விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கேலரிக்குப் போவது வழக்கம். ஓவியரிடமே நேரில் வாங்கும்போது அந்தப் பங்கைக் குறைத்துக் கேட்பது பலருடைய பழக்கம். நல்ல ஓவியர் குறைக்க மாட்டார். குறைத்தால் அவர் படங்களை விற்றுத்தரும் கேலரி அவரோடு பேச்சை முறித்துக்கொள்ளும். கேட்க வேண்டியது வேறு: சட்டம் (பிரேம்) சேர்ந்த விலையா, தவணை உண்டா, வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டித் தருவார்களா?

படத்தைப் பார்க்கும் முறைக்கு வருவோம். முதலில் முதுகைப் பாருங்கள், முகத்தை அப்புறம் பார்க்கலாம். கேன்வாஸ் இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தின் நான்கு மூலைகளிலும் ஆப்பு வைக்க இடம் இருக்கிறதா? மூலைக்கு இரண்டாக எட்டு ஆப்பு இருந்தால், மழைக்காலத்தில் துணி தொய்யும்போது லேசாகத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம். ஆணியடித்து இறுக்கிய சட்டத்தில் அது முடியாது. மூன்றடிக்கு மேல் அகலமான படத்துக்குக் குறுக்குக் கட்டை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கடலோரத்தில் கேன்வாஸை அடிக்கும் இரும்பு முள்கள் துருப்பிடித்து, துரு துணியை அரித்துவிடும். துருப்பிடிக்காத முள்ளா என்று பாருங்கள். பின்துணியில் கறுப்புப் புள்ளிகள் இருந்தாலோ ஈரச் சாக்கு வாடை வந்தாலோ பூஞ்சை பிடித்திருக்கிறது. அதை ஏசி அறையில் வைத்தால் தானாகப் போய்விடும் என்று சொல்வார்கள், போகாது.

எண்ணெய் வண்ணம் காற்றோடு வினைபுரிந்து மெதுவாகத்தான் இறுகும். மேலே காய்ந்து உள்ளே இளகலாக இருக்கும் தடிமனான பூச்சுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். அதற்கு முன் வார்னிஷ் அடித்திருந்தால் பிற்பாடு வெடிப்பு வரும். 'போன மாதம் முடித்தேன்' என்று சொல்லும் எண்ணெய்ப் படம் பளபளவென்று இருந்தால் யோசியுங்கள். அக்ரிலிக் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஆனால் சென்னை வெயிலில் மென்மையாகும். குமிழ் பிளாஸ்டிக்கை நேராக அதன் முகத்தில் சுற்றி மதியம் காரில் வைத்தால், வீட்டுக்கு வரும்போது படம் முழுக்க வட்ட வட்டமாகத் தடம் விழுந்திருக்கும். முதலில் வெண்ணெய்த்தாள், அதன் மேல் அட்டை, அதற்கு மேல்தான் பிளாஸ்டிக்.

காகிதப் படைப்புகள் நடுத்தர வருவாய்க்காரருக்கு நல்ல தொடக்கம். இங்கே ஏமாறுவது சட்டம் போடும் கடையில். சாதாரண அட்டையில் மவுண்ட் செய்தால் அமிலம் கசிந்து இரண்டு மூன்று வருடத்தில் விளிம்பு பழுப்பேறும். அமிலமில்லாத அட்டை என்று எழுதி வாங்குங்கள். கண்ணாடி காகிதத்தைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரம் கோத்து ஒட்டிக்கொள்ளும். செல்லோ டேப் ஒட்டினால் கறை நிரந்தரம். மைதா பசையில் ஒட்டினால் பூச்சிக்கு விருந்து.

அச்சோவியம் (ஓவியரே தகடோ கட்டையோ செய்து அதிலிருந்து அச்செடுத்த படம்) வாங்கினால் எண்ணைப் பாருங்கள். கீழே பென்சிலில் 7/25 என்று இருந்தால் இருபத்தைந்து பிரதிகளில் ஏழாவது. எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடு அரித்து எடுக்கும் அச்சு) என்றால் தகடு அழுந்திய பள்ளம் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் நுண்புள்ளிகளாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சு. கையெழுத்து அசலாக இருந்தாலும் மறுபதிப்புதான்; அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

இந்த அச்சோவியங்களுக்கு ஈஞ்சம்பாக்கத்தைவிட நல்ல இடம் கிரீம்ஸ் சாலை. மத்திய அரசின் நுண்கலை அமைப்பான லலித் கலா அகாடமி 1954இல் டெல்லியில் தொடங்கியது. அதன் முதல் தலைவர், சென்னைக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். கிரீம்ஸ் சாலையில் இருக்கும் அகாடமியின் சென்னை வட்டார மையத்தில் ஓவியம், அச்சு, சிற்பம், சுடுமண் என்று பொதுப் பட்டறைகள் இருக்கின்றன. எட்சிங் அழுத்த இயந்திரத்தைத் தனி ஆள் சொந்தமாக வாங்குவது கடினம். அரசு ஓவியருக்குச் செய்யக்கூடிய உதவிகளில் மிகப் பயனுள்ளது இப்படிப்பட்ட பட்டறைதான் என்று தோன்றுகிறது. பரிசு ஒருவருக்குப் போகும்; இயந்திரம் ஆண்டு முழுக்கப் பலருக்கு ஓடும். அங்குள்ள கூடத்தில் காட்சி வைக்கும் ஓவியர் பெரும்பாலும் படங்களோடு தானே நிற்பார். கடைசி நாள் மாலை படங்களைக் கழற்றும் நேரம் போகாதீர்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காலையில் போனால் நிதானமாகப் பேசலாம்.

அரசு வாடிக்கையாளராகவும் இருந்திருக்கிறது. பொதுக் கட்டடச் செலவில் ஒரு சிறு விழுக்காட்டைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்ற எண்ணம் நேரு காலத்தது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஹோமி பாபா அப்படித்தான் படங்கள் வாங்கினார். ஏர் இந்தியா ஐம்பதுகளிலிருந்தே இளம் ஓவியர்களிடம் வாங்கிக் குவித்தது. அந்தத் தொகுப்பு 2023இல் தேசிய நவீன கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டெல்லி ரிசர்வ் வங்கி வாசலில் சிற்பி ராம்கிங்கர் பைஜின் யட்சனும் யட்சியும் இன்றும் நிற்கிறார்கள்.

வாங்குவதோடு கடமை முடிந்ததாக அரசு நினைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிற்பி அமர்நாத் செகல் வழக்கு சாட்சி. டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அவர் செய்த மாபெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள்; பகுதிகள் சிதைந்தன. டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும், மிச்சமிருந்ததைச் சிற்பியிடமே திருப்பித் தரவும் உத்தரவிட்டது. பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவு படைப்பாளிக்குத் தரும் தார்மீக உரிமை அது. உங்கள் நிறுவனத்துக்குச் சுவரோவியம் வரைய ஆர்டர் கொடுப்பதாக இருந்தால், பராமரிப்பது யார், கட்டடத்தை இடித்தால் என்ன செய்வது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

தமிழ் வாசகர்களிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கே.எம். ஆதிமூலம், ஆர்.பி. பாஸ்கரன் போன்ற ஓவியர்களை நம்மில் பலர் கேலரியில் சந்திக்கவில்லை, சிறுபத்திரிகை அட்டைகளிலும் நூல் முகப்பிலும்தான் சந்தித்தோம். காசு இல்லாத இதழ்கள் ஓவியருக்குப் பார்வையாளரைக் கொடுத்தன, ஓவியர்கள் இதழ்களுக்கு முகம் கொடுத்தார்கள். அந்த வாசகர்களில் எத்தனை பேர் வீட்டுச் சுவரில் ஒரு அசல் கோட்டோவியம் இருக்கிறது? கைபேசிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல இளம் ஓவியரின் மைக்கோட்டோவியம் வரும்.

இனி ரசீது, வரி விஷயங்கள். ரசீதில் ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எண்ணெயா, அக்ரிலிக்கா என்பது), அளவு ஐந்தும் இருக்க வேண்டும். 'ஓவியம் ஒன்று' என்று மட்டும் எழுதிய ரசீது காப்பீட்டுக்கும் உதவாது, மறுவிற்பனைக்கும் உதவாது. படத்தின் புகைப்படத்துக்குப் பின்னால் ஓவியரின் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையால் வரைந்த ஓவியத்துக்கு ஜிஎஸ்டி 12 விழுக்காடாக இருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலில் 12 போட்டிருந்தால் சுட்டிக்காட்டுங்கள். பதிவு வரம்புக்குள் வராத ஓவியர் நேரடியாக விற்றால் வரி சேர்க்க முடியாது.

படம் உங்களுடையது, பதிப்புரிமை அவருடையது. வரைந்து வைத்திருந்த படத்தை வாங்கினால் அதை நாட்காட்டியிலோ கல்யாணப் பத்திரிகையிலோ அச்சிட அவரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். நீங்கள் பணம் கொடுத்துச் சொல்லி வரைய வைத்த படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பதிப்புரிமை உங்களுக்கு. இந்த வித்தியாசம் ஓவியர்களிலேயே பலருக்குத் தெரியாது. அசல் படத்தைப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை செய்தால் ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ அதிகபட்சம் பத்து விழுக்காடு வரை பங்கு கேட்கும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு தருகிறது. நடைமுறையில் யாரும் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதும் இல்லை.

வெளிநாட்டுத் தமிழர்கள் சமகாலப் படத்தை எடுத்துப் போகத் தடை இல்லை. ரவி வர்மா, ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் மட்டும் நாட்டின் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டவை. அவை எல்லை தாண்டக் கூடாது. பழையது போலத் தோன்றும் தஞ்சாவூர்ப் படங்களுக்கு, அவை தொன்மைப் பொருள் அல்ல என்ற தொல்லியல் துறைச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. விமான நிலையத்தில் நின்றுகொண்டு வாதாட முடியாது.

மரச்சட்டத்தோடு தூக்கிப் போக முடியாத கேன்வாஸைச் சுருட்டும்போது வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும். பலரும் பாதுகாப்பு என்று நினைத்து உள்பக்கமாகச் சுருட்டுகிறார்கள்; அப்படிச் சுருட்டினால் பூச்சு நசுங்கி மடிப்பு விழும். ஆறு அங்குல விட்டத்துக்குக் குறையாத குழாய் மேல் சுற்றி, நடுவில் வெண்ணெய்த்தாள் வைக்கவும். தடிமனான எண்ணெய்ப் பூச்சு என்றால் சுருட்டவே வேண்டாம், பெட்டிதான்.

வீட்டில் மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும், நம் வீடுகளில் தாத்தா படத்தைப் போல உத்தரத்துக்குக் கீழே மாட்டிவிட்டு அண்ணாந்து பார்க்கிறோம். மழை அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம். வேறு சுவர் இல்லையென்றால் சட்டத்தின் கீழ் மூலைகளில் ஒரு செ.மீ. தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுக்கு வழி விடுங்கள். பூஜை அறை, சமையலறைப் புகை படும் இடம், ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவர் மூன்றும் கூடாது. ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. மென்மையான உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டினால் போதும்.

ஈஞ்சம்பாக்கத்துக்குக் கையில் ஓர் அளவு நாடாவும், மாட்டப் போகும் சுவரின் புகைப்படமும் கொண்டுபோங்கள். சனி, ஞாயிறு மாலைகளில் கடற்கரைச் சாலை நெரிசல் பொறுமையைத் தின்றுவிடும். வாரநாள் காலை நல்லது. இன்னும் நேரம் இருந்தால் அதே சாலையில் முட்டுக்காட்டில் தென்னிந்திய மரபு வீடுகளின் அருங்காட்சியகமான தட்சிணசித்ரா. அங்கும் ஒரு காட்சிக்கூடம் உண்டு, விலையை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.